குறுவட்டு மரபும் யூஎஸ்பி விரலியில் லினக்ஸும்

லினக்ஸ் இயங்குதளத்தை வன்தட்டில் நிறுவாமல் யூஎஸ்பி விரலியிலிருந்தே இயக்கும் வழக்கம், விரலியின் வருகையால் விளைந்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. அதன் அமைப்பு குறுவட்டின் காலத்திலேயே உருப்பெற்றுவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். விரலியையே வன்தட்டாகக் கொண்டு முழுமையாக நிறுவுதல் தனி மரபு. அது இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

1992-இல் வெளிவந்த இக்டிரசில் லினக்ஸ் குறுவட்டிலிருந்து இயங்கியது. ஆயினும் அதனைத் தொடங்கிவைக்க நெகிழ்வட்டு தேவைப்பட்டது. 1995-இல் வகுக்கப்பட்ட எல் டொரிட்டோ நெறிமுறை அத்தேவையை நீக்க வழிசெய்தது. ஜெர்மனியின் கிளவுஸ் நாப்பர் 2000-இல் வெளியிடத் தொடங்கிய நாப்பிக்ஸ், 700 மெகாபைட் வட்டில் ஏறத்தாழ 2 கிகாபைட் மென்பொருளைச் சுருக்கி அடக்கியது. வட்டில் எழுத இயலாமையால் பயனர் செய்யும் மாற்றங்கள் தற்காலிக நினைவகத்தில் தங்கி, கணினி அணைந்ததும் மறைந்தன. மாறாத படிமத்தின்மேல் மாறும் அடுக்கு என்னும் இவ்வமைப்பை, 2005-இல் நாப்பிக்ஸ் மேற்கொண்ட யூனியன்எஃப்எஸ் செம்மைப்படுத்தியது. எழுதத்தக்க விரலிக்கு இக்கட்டாயம் இல்லை. எனினும் அதே அமைப்பே அதற்கும் வந்து சேர்ந்தது. மேலடுக்கை விரலியிலேயே சேமிக்கும் வசதி மட்டும் கூடியது.

இத்தொடர்ச்சிக்கு வலுவான சான்று படிமக் கோப்பினுள்ளேயே உள்ளது. 1988-ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 9660 தரம், வட்டின் முதல் 32 கிலோபைட் பகுதியின் உள்ளடக்கத்தை வரையறுக்காமல் விட்டிருந்தது. சிஸ்லினக்ஸ் திட்டத்தில் 2008-இல் வந்த ஐசோஹைப்ரிட் கருவி, வன்தட்டுக்குரிய தொடக்கப் பதிவை அவ்விடத்தில் எழுதியது. அதனால் ஒரே கோப்பு வட்டிலிருந்தும் விரலியிலிருந்தும் தொடங்கலாயிற்று. குறுவட்டு இயக்கியே இல்லாத மடிக்கணினிக்கும் இன்று பதிவிறக்கப்படுவது வட்டின் படிமமே.