பால் வெட்டு: ஒரு வினையின் பொருள் வழக்கு

ரப்பர்த் தோட்டத் தொழிலைப் பற்றி எழுதும்போது 'மரம் வெட்டுதல்', 'பால் வெட்டுதல்' என்னும் வழக்குகளைப் பிழையென நீக்கி, 'பால் வடித்தல்' என்றோ 'மரம் சீவுதல்' என்றோ திருத்துவது இன்று சிலருக்குக் கொள்கையாகிவிட்டது. வெட்டுதல் என்றால் மரத்தைச் சாய்த்தல் என்பதே பொருள் என்றும், ஆங்கிலத்தார் இத்தொழிலுக்கு வழங்கும் 'டாப்' என்னும் வினை மெல்லத் தட்டுதலைக் குறிப்பது என்றும், அந்த 'டாப்' தானும் தமிழ்த் 'தட்டு', 'தப்பு' ஆகியவற்றின் வழிவந்ததே என்றும் அவர்கள் காரணம் அடுக்குகின்றனர். இம்மூன்றும் தவறு என்பதோடு, மலாக்காவின் நியாலாஸ், ஆசஹான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறைகளாக வழங்கிவரும் செம்மையான தமிழ் வழக்கு ஒன்றை அதற்கு உரியவர்களிடமிருந்தே பறிப்பதும் ஆகும்.

ஆங்கிலத்தில் 'டாப்' ஒரு சொல் அன்று. ஒலியால் ஒன்றிய இரு சொற்கள். மெல்லத் தட்டுதலைக் குறிப்பது பழம்பிரெஞ்சிலிருந்து வந்த ஒலிக்குறிப்புச் சொல். மரத்தில் பாலெடுத்தலைக் குறிப்பதோ பழைய ஆங்கிலத்தில் பீப்பாயின் துளையை அடைக்கும் முளையைக் குறித்த பெயரிலிருந்து பிறந்தது. முளையை நீக்கி மதுவை வெளியே விடுதல் என்பதே அவ்வினையின் முதற்பொருள். ஜெர்மன் மொழியின் 'சாப்ஃபன்', டச்சு மொழியின் 'டாப்பன்' ஆகியவை இதன் உறவுச் சொற்கள். முளைக்கும் தட்டுதலுக்கும் தொடர்பில்லாதபோது, தட்டுதலைக் கொண்டு பாலெடுத்தலை விளக்குவதும், அதன்மேல் தமிழ் மூலம் கற்பிப்பதும் அடித்தளமில்லாக் கட்டடங்களே. ஒலியொப்புமை வேர்ச்சொல்லுக்குச் சான்றாகாது. அம்முளைச் சொல் ஆங்கிலத்தில் நடுவேரின் பெயரிலும் நிற்கிறது. தமிழர் அதையே ஆணிவேர் என்றனர். ஒருவரிடமிருந்து ஒருவர் கடன்பெறாமலே இரு மொழியினரும் ஒரே வடிவத்தைக் கண்டு பெயரிட்டனர் என்பதற்கு இது நல்ல சான்று.

பிற மொழிகள் இத்தொழிலை எவ்வாறு கண்டன என்பதும் நோக்கத்தக்கது. பிரெஞ்சுக்காரரும் போர்த்துக்கீசிய மொழி பேசும் பிரேசில் நாட்டினரும் மரத்திலிருந்து குருதி எடுத்தல் என்னும் பொருள்பட வழங்குகின்றனர். மலாய்க்காரர் 'தோரே' என்னும், கீறுதலைக் குறிக்கும் வினையை ஆள்கின்றனர். சீனர் அறுத்தற் சொல்லையும், மலையாளிகள் தமிழரைப் போலவே வெட்டுதற் சொல்லையும் வழங்குகின்றனர். ரப்பர் வெட்டு, வெட்டுகாரன் என்பன கேரளத்தில் அன்றாட வழக்குகள். வெட்டு பிழையென்றால் தமிழரும் மலையாளிகளும் ஒருசேரப் பிழைசெய்தனர் என்று கொள்ள வேண்டியிருக்கும்.

தொழிலின் வரலாறும் இதற்குத் துணைசெய்கிறது. ஹென்றி விக்காம் 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுசென்ற ரப்பர் விதைகளின் வழிவந்த நாற்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அமேசான் காட்டினர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்து வந்தனர். அதனால் மரம் புண்பட்டது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, பட்டையின் அதே வெட்டுவாயை மீண்டும் மீண்டும் மெல்லிதாக அகற்றித் திறக்கும் முறையை வகுத்தார். மலாக்காவின் தான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டு, பின்னர் ஜாசின் மாவட்டத்து ஆசஹானில் அதை விரித்தார். ஆகவே ஆசஹான், நியாலாஸ் சுற்றுவட்டாரம் மலாயா ரப்பர்த் தொழிலின் தொட்டில்களுள் ஒன்று. இத்தொழிலுக்குத் தமிழ்ச் சொல் சமைந்த இடங்களுள்ளும் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.

இனி 'வெட்டு'. துணித்தல் இதன் ஒரு பொருளே. தோண்டுதலும் பொறித்தலும் இதற்கு உரிய பொருள்களே. தஞ்சைப் பெரிய கோயிலில் தன் கொடைகளைக் கல்லில் பொறிக்குமாறு முதலாம் இராசராசன் இட்ட ஆணை இவ்வினையாலேயே அமைந்தது. அங்கே கல் துணிபடவில்லை, எழுத்துத் தோன்றியது. நீர்நிலை அகழ்தற்குப் பழந்தமிழில் 'தொடு' என்பதே வினை என்பதும், வள்ளுவர் மணற்கேணிக்கும் பட்டினப்பாலை கரிகாலன் குளங்களுக்கும் அதையே ஆண்டமையும் கற்றோர் அறிவர். அச்சொல் தீண்டுதற் பொருளில் மட்டும் ஒதுங்க, அதன் இடத்தைப் பிற்கால மக்கள் வழக்கில் 'வெட்டு' பெற்றது: கிணறு வெட்டினர், குளம் வெட்டினர், வாய்க்கால் வெட்டினர். எனவே மூடியிருப்பதைத் திறந்து உள்ளிருக்கும் நீர்மத்தை வரச் செய்தல் என்னும் பொருள் இவ்வினைக்கு ரப்பர் வருமுன்னரே வாய்த்திருந்தது.

இலக்கணம் இதை இன்னும் தெளிவாக்கும். இரண்டாம் வேற்றுமையின் பொருள்களாக ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை என்னும் ஆறனை நன்னூல் கூறுகிறது. கிணறு வெட்டினான் என்பதில் கிணறு புதிதாக உண்டாவதால் அது ஆக்கல். காடு வெட்டினான் என்பதில் காடு இல்லாமற்போவதால் அது அழித்தல். பால் வெட்டினான், நிலக்கரி வெட்டினான் என்பவற்றில் உள்ளிருந்த பொருள் கைக்கு வருவதால் அவை அடைதல். வினை ஒன்றே, செயப்படுபொருளின் நிலைதான் வேறு. 'பால் மரம் வெட்டுதல்' என்னும் வழக்கில் மரம் சாயவில்லையே என்று வாதிடுவோர் இவ்வேறுபாட்டை மறந்தவர்கள்.

திருத்தச் சொற்களின் தகுதியையும், அவற்றோடு எண்ணத்தக்க 'இறக்கு' என்பதன் தகுதியையும் ஆராயலாம். 'வடி' என்பது வெட்டிய பின் பால் தானே செய்யும் தொழில். 'வடித்தல்' எனப் பிறவினையாக்கினால் சோறு வடித்தல் போல ஒன்றிலிருந்து நீரைப் பிரித்தலே முன்னிற்கும். 'இறக்கு' பனைக்கும் தென்னைக்கும் உரியது. உயரத்தே ஊறும் கள்ளையும் பதநீரையும் கீழே கொணர்வதால் அங்கே பொருந்துகிறது, நின்றபடியே வெட்டும் பால்மரத்துக்குப் பொருந்தாது. 'சீவு' மட்டுமே மதிக்கத்தக்க போட்டிச் சொல்: கத்தி இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகச் சாய்வாக ஓடி, பட்டையை மெல்லிய சீவலாக எடுப்பதால் அது கத்தியின் அசைவை உள்ளபடி காட்டுகிறது. ஆயினும் அது செய்கையின் உருவத்தைச் சொல்கிறதேயன்றி நோக்கத்தைச் சொல்லவில்லை. உள்ளிருக்கும் உயிரடுக்கில் படாமல் பால் குழல்களைத் திறந்துவிடுதலே தொழிலின் உயிர் என்பதால், 'வெட்டு' தலைச்சொல்லாகவும் 'சீவு' அதன் விளக்கமாகவும் நிற்றலே முறை.

'பால்மரம்' என்னும் பெயரும் இதே அறிவின் விளைவே. ஆலும் அத்தியும் பால் உள்ள மரங்கள் என்று அறிந்திருந்த மக்கள், அயல்நாட்டு மரத்தைக் கண்டதும் தயங்காமல் தம் பகுப்பில் சேர்த்தனர். அகிலனும் தம் மலேசிய நாவலின் தலைப்பில் இப்பெயரையே ஏற்றார். ரப்பரைக் குறிக்கும் 'கித்தா' என்பதோ மலாய் 'கெத்தா' என்பதன் தமிழ் வடிவம். கெட்டித் துணியைக் குறிக்கும் 'கித்தான்' உடன் அதை இணைப்பது வீண்முயற்சி. வெட்டுவாயில் உறைந்து ஒட்டியிருப்பதை 'ஒட்டுப்பால்' என்றது அயற்சொல் வேண்டாத தூய ஆக்கம்.

தஞ்சை, திருச்சி, சேலம், ஆற்காட்டுப் பகுதிகளிலிருந்து கங்காணிகளால் மலாயாத் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்டவர்களுள் மிகப் பலர் மண்வெட்டி பிடித்த உழவுக் கூலிகள். வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சிய கைகள் பால் வெட்டும் உளியைப் பிடித்தபோது அதே வினையை உடன் கொண்டுவந்தன என்பதே ஏற்கத்தக்க விளக்கம். இன்று பால்மரம் இருந்த நிலங்களில் செம்பனை நிற்கிறது. அங்கும் தொழிலாளர் குலை வெட்டுகின்றனர், ஆனால் அது துணித்தற் பொருளது. பழைய பொருளைத் தாங்கியிருந்த தொழில் சுருங்கிவரும் இக்காலத்தில் அச்சொல்லையும் பிழையென்று ஒதுக்கினால், தோட்டங்களில் வரும் தலைமுறைக்குத் துணித்தற் பொருள் ஒன்றே எஞ்சும். ஆகவே 'பட்டையைத் திறந்து பாலைப் பெறுதல்' என்னும் பொருளைத் தமிழ் அகராதிகள் 'வெட்டு' என்னும் வினையின்கீழ் தனிப்பொருளாக ஏற்க வேண்டும். பாடநூல்களும் இதழ்களும் 'பால் வெட்டுதல்' என்றே தயக்கமின்றி எழுத வேண்டும். தோட்டத் தொழிலாளர் ஆக்கிய இவ்வழக்கு திருத்தம் வேண்டாத நல்ல தமிழ்.