கார்னீலியஸ் கெக்

கார்னீலியஸ் கெக்: குளிர்பானப் பாகைக் கடைகளுக்குக் கொண்டுசெல்ல அமெரிக்காவில் பயன்பட்ட துருப்பிடிக்காத எஃகு உருளை. வழக்கமான கொள்ளளவு 5 அமெரிக்க காலன் (சுமார் 19 லிட்டர்). அட்டைப்பெட்டிக்குள் பையில் பாகு அனுப்பும் முறை பரவியபின், பழைய உருளைகள் வீட்டில் பீர் தயாரிப்போர் கைக்கு வந்தன.

வகைகள்: குழாய் மாட்டும் முனைகளின் அமைப்பால் இருவகை. பெப்சி பயன்படுத்தியது பால் லாக் (ball lock), கோகோ கோலா பயன்படுத்தியது பின் லாக் (pin lock). பின் லாக்கில் வாயு உட்செல்லும் முனைக்கு 2 ஊசிகள், திரவம் வெளிவரும் முனைக்கு 3.

ஆய்வு: மூடியைத் திறக்குமுன் உள்ளழுத்தத்தை முழுவதும் வெளியேற்றுவது கட்டாயம், அழுத்தத்தோடு கழற்றினால் பாகங்கள் தெறித்துக் காயப்படுத்தும். உட்சுவரில் அரிப்புக் குழிகள், மூடி பொருந்தும் விளிம்பில் நெளிவு, பற்றவைப்பில் விரிசல் உள்ளனவா என்று விளக்கொளியில் பார்க்க வேண்டும்.

தூய்மை: இரு முனைகள், அவற்றுள் இருக்கும் சிறு வால்வுகள், உள்குழாய்கள் ஆகியவற்றைக் கழற்றி, சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் ஊறவைப்பர். நீண்ட திரவக் குழாயின் உட்புறத்துக்கு மெல்லிய தூரிகை தேவை. குளோரின் வெளுப்பான் எஃகை அரிக்கும். எஃகுக் கம்பிநார் கீறல் விட்டுத் துருவுக்கு இடந்தரும். மூடியிலும் முனைகளிலும் உள்குழாய்களிலும் உள்ள ரப்பர் வளையங்கள் ஐந்தும் பாகின் வாசனையை உறிஞ்சியிருக்கும். ஆகவே புதியவற்றை மாட்டுவதே நன்று.

கசிவுச் சோதனை: கார்பன் டையாக்சைடு ஏற்றி, இணைப்புகளில் சோப்புநீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழ் எழும். நிரப்புமுன் உணவுத்தரக் கிருமிநீக்கியால் அலசுதல் இறுதிப்படி.