கதை கேட்கக் கூடும் ஊர்

பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றங்கரையில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு முதல்முறை போகிறவர்கள் பட்டவராயன் சன்னதியில் சற்றுத் திகைத்து நிற்பார்கள். எந்தக் கோயிலிலும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டிய செருப்பு, இங்கே சன்னதியில் காணிக்கையாகத் தொங்குகிறது. எல்லாம் தோல் செருப்புகள். இரவில் பட்டவராயன் அவற்றைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறான், அதனால்தான் யாரும் போடாமலே அவை தேய்கின்றன என்று சொல்வார்கள். தெய்வத்துக்குச் செருப்பு எப்படிக் காணிக்கையாயிற்று என்று கேட்டால், விடையை வில்லுப்பாட்டுப் புலவர்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பட்டவராயன்தான் கதைப்பாடலில் வரும் முத்துப்பட்டன். அந்தணர் வீட்டுப் பிள்ளை; தமையன்மாரோடு பிணங்கி வீட்டை விட்டுப் போனவன். மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியர் குலத்துச் சகோதரிகளைக் கண்டு மனம் பறிகொடுக்கிறான். பெண் கேட்டு வந்தவனிடம் தகப்பன் வாலப்பகடை நிபந்தனை போடுகிறான்: குடுமியை எடு, பூணூலை அறு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள். முத்துப்பட்டன் மூன்றையும் செய்கிறான். கல்யாண ஈரம் காயும் முன்னே கிடைமாட்டைக் கள்வர் ஓட்டிக்கொண்டு போனதாகச் செய்தி வருகிறது. தனியே போய் மாட்டை மீட்டவன், மறைந்திருந்த ஒருவன் கையால் குத்துப்பட்டுச் சாகிறான். மனைவியர் இருவரும் அவனோடு தீப்பாய்கிறார்கள். சன்னதியில் தொங்குவது, அவன் மருமகனாக ஏற்றுக்கொண்ட தொழிலின் அடையாளம்.

கடன் தீர்க்கும் கொடை

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் நாட்டார் தெய்வங்களுக்கு எடுக்கும் விழாவுக்குக் 'கொடை' என்று பெயர். கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே கிடக்கிறது. ஊர் கூடித் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடும். மும்பையிலும் சென்னையிலும் பிழைக்கப் போனவன் பெயரும் அந்த வரி நோட்டில் இருக்கும். வரி கொடுத்தவன் ஊர்க்காரன். யாருடைய வரியை ஊர் வாங்க மறுக்கிறதோ அவன் வெளியே நிற்க வேண்டியதுதான். சேர்ப்பதும் விலக்குவதும் ஒரே நோட்டில் நடக்கின்றன என்பதை மறைத்துக் கொடையைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் வரி ஊரைக் கோயில் முற்றத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதோடு சரி. அங்கே விடிய விடிய உட்கார வைப்பது கதை. வைக்கோல் புரிமணைமேல் குடம். குடத்தின் கழுத்தில் சாய்த்துக் கட்டிய நீண்ட வில். வில்லிலே வெண்கல மணிகள். புலவர் வீசுகோலால் நாணைத் தட்ட, மணி அத்தனையும் குலுங்கும். குடக்காரர் பாளைப் பத்தையால் குடத்தின் வாயில் அடிக்க, உடுக்கையும் தாளமும் சேர்ந்துகொள்ளும். காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் என்று வரிசையாகப் பாடிய பிறகே கதைக்குள் நுழைவார்கள். தெய்வத்தின் கதையைச் சொல்ல வந்தவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊரிடம் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்பதும், முடிவில் அந்த ஊரையே வாழி பாடுவதும் கவனிக்கத் தக்கவை.

வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், இக்கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என இரண்டாகப் பிரித்தார். கயிலாயத்தில் பிறந்து பூமிக்கு வந்த தெய்வங்களின் கதை முதல் வகை. இந்த மண்ணிலேயே பிறந்து, வெட்டுப்பட்டோ வஞ்சிக்கப்பட்டோ மாண்டு தெய்வமானவர்களின் கதை இரண்டாம் வகை. சாவுக் கட்டம் வரும்போதுதான் சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வருகிறது. அருள் வரச் சுணங்கினால் புலவர் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றிப் பாடுவார். வந்துவிட்டால் கதையை நிறுத்திக்கொள்வார். செத்தவன் கதையில் சாகும் நேரமும் முற்றத்தில் சாமியாக எழும் நேரமும் ஒன்றாகின்றன. நியாயமில்லாமல் ஓர் உயிர் போனது. அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுதாகக் கேட்க வேண்டிய கடன் ஊருக்கு உண்டு. அந்தக் கடனுக்குப் பங்காளிகளானதால்தான் அவர்கள் ஓர் ஊராகிறார்கள்.

கல்லும் பாட்டும்

மாண்டவனை ஊர் கூடி நினைக்கும் இந்த வழக்கத்தின் வேர் பழையது. போரில் பட்டவனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று படிப்படியாகச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகல்லில் 'ஆகோள்' என்ற சொல்லே வெட்டப்பட்டிருக்கிறது. ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கு எழுப்பிய கல் அது. மாட்டை மீட்கப் போய் மாண்ட முத்துப்பட்டன், கவர்ந்த ஆநிரையை மீட்கும் கரந்தை மறவனின் வழிவந்தவன் என்று சொல்லலாம். ஒரு வேறுபாடு உண்டு. கல்லில் வெட்டிய பெயரை மாற்ற முடியாது. பாட்டு வாய்க்கு வாய் மாறும்.

மாறியும் இருக்கிறது. 1971-இல் முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை இந்த மாற்றத்தை எடுத்துக்காட்டினார். பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் அந்தணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு பாடம் சொல்கிறது. சாதி மீறிய மணத்தைச் சீரணிக்க முடியாதவர்கள் செருகிய ஒட்டு இது என்பது வெளிப்படை. ஆனாலும் ஒட்டுப் போட்டவர்களால் கதையை விட முடியவில்லை. அதே சன்னதியில் வந்துதான் கும்பிட்டார்கள். பிறப்பை மாற்றினார்கள், செருப்பை எடுக்கவில்லை. ஒத்த கருத்துள்ளவர்கள் சேர்ந்தது சமுதாயம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரே கதையைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுகிறவர்களும் ஒரு சமுதாயம்தான்.

இன்று பல கொடைகளில் இரவு முழுதும் நீண்ட கதையை இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருமாறு புலவரிடம் கேட்கிறார்கள். சுருக்கும்போது முதலில் போவது நிபந்தனையும் வாக்குவாதமும்தான்; கடைசியில் மிஞ்சுவது வீரனும் வாளும். விழா எடுப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் ஊர்ப் புலவரை ஓர் இரவாவது முழுக்கதையும் பாடவிட்டுப் பதிவு செய்யுங்கள். பாட வேறுபாடு இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வாலப்பகடை போட்ட மூன்றாவது நிபந்தனையைக் கேட்காமல் வளரும் பிள்ளை நாளைக்குக் காரையாற்றுக்குப் போனால், சன்னதியில் யாரோ மறந்துபோய்ச் செருப்பைத் தொங்கவிட்டுவிட்டார்கள் என்றுதான் நினைக்கும்.