இறையியல் மாநாடுகளில் பெண் பேச்சாளர்கள்

இறையியல் மாநாடுகளில் பெண் பேச்சாளர்கள் ஆண்களைவிடக் குறைவாக இருப்பது பல சமயங்களிலும் பல நாடுகளிலும் நெடுங்காலமாகக் காணப்படும் நிலை ஆகும். வழிபாட்டில் பெண்கள் பெருந்தொகையினராகக் கலந்துகொண்டாலும், சமயக் கோட்பாடுகள் ஆராயப்படும் அவைகளில் அவர்கள் பெரும்பாலும் கேட்போராகவே இருந்துள்ளனர். பெண்கள் இயற்றிய பாடல்களும் கதைகளும் ஆய்வுப்பொருளாக ஏற்கப்பட்ட பின்னரும், ஆய்வுரை வழங்கும் இடம் பெண்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை.

காரணங்கள்

மாநாட்டு அழைப்புகள் பொதுவாகப் பதவியின் அடிப்படையில் அமைகின்றன. ஆயர், இறையியல் கல்லூரி முதல்வர், துறைத்தலைவர் போன்றோரே முதன்மை உரைக்கு அழைக்கப்படுவது வழக்கம். குருத்துவம் ஆண்களுக்கே உரியதாக உள்ள சபைகளில், உயர் இறையியல் கல்வியும் நெடுங்காலம் குருமாணவர்களுக்கென்றே அமைந்திருந்தது. இதனால் பட்டம், பதவி, அழைப்பு ஆகிய மூன்று படிகளிலும் பெண்களின் எண்ணிக்கை குறைந்தது. சமசுகிருதம், அரபு, இலத்தீன் முதலிய மொழிகளைக் கற்கும் வாய்ப்பு பெண்களுக்கு அரிதாக இருந்ததும் ஒரு காரணம் ஆகும்.

எது இறையியல் என்னும் வரையறையும் இந்நிலைக்குக் காரணமாக அமைந்தது. தாலாட்டு, ஒப்பாரி, பக்திப் பாடல் ஆகியவற்றின் வழியே பெண்கள் வெளிப்படுத்திய இறைச் சிந்தனை, இலக்கியம் என்றோ நாட்டார் வழக்காறு என்றோ வகைப்படுத்தப்பட்டது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம்

1962 முதல் 1965 வரை நடைபெற்ற கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964 ஆம் ஆண்டின் மூன்றாம் அமர்விலிருந்து பெண்கள் பார்வையாளர்களாக அனுமதிக்கப்பட்டனர். மொத்தம் 23 பெண்கள் இவ்வாறு பங்கேற்றனர். பொது அமர்வில் உரையாற்ற அவர்களுக்கு அனுமதி இல்லை. உலக வறுமை குறித்துப் பொருளியலாளர் பார்பரா வார்டு பேசலாம் என்ற யோசனையும் ஏற்கப்படவில்லை. அப்பொருள் குறித்து ஜேம்ஸ் நோரிஸ் என்பவர் பேசினார்.

புது தில்லி மாநாடு, 1981

ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகியவற்றின் இறையியலாளர்கள் 1976 இல் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் கூடி, மூன்றாம் உலக இறையியலாளர் சங்கத்தை நிறுவினர். ஒடுக்கப்பட்டோரின் விடுதலையை நோக்கமாகக் கொண்ட அந்தக் கூட்டத்தில் பங்கேற்ற ஒரே பெண், அர்கெந்தீனாவின் பியாத்ரிசு மெலானோ ஆவார்.

1981 இல் புது தில்லியில் நடந்த இச்சங்கத்தின் மாநாட்டில் பெண்கள் தங்கள் நிலையை வெளிப்படையாக எழுப்பினர். ஏழைகளின் எழுச்சியைப் பேசும் அவைக்குள்ளேயே பெண்களின் எழுச்சி தனியாக நிகழ்வதாகக் கானா நாட்டு இறையியலாளர் மெர்சி அம்பா ஒதுயோய் சுட்டிக்காட்டினார். இதன் தொடர்ச்சியாக 1983 இல் சங்கத்திற்குள் பெண்கள் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையத்தின் முயற்சியால் பெண்களே கட்டுரைகளை வழங்கும் மாநாடுகள் நடத்தப்பட்டன. 1986 இல் மெக்சிகோவின் ஒவாசுதெபெக்கில் நடந்த மாநாடு அவற்றுள் ஒன்று.

தமிழ்நாட்டில்

ஆண்டாள் இயற்றிய திருப்பாவை வைணவ இறையியலில் உயர்ந்த இடம் பெற்றது. அதற்கு மூவாயிரப்படி என்னும் உரையை எழுதியவர் பெரியவாச்சான் பிள்ளை. பெண் பாடிய நூலுக்கும் பொருள் கூறும் பொறுப்பு ஆண் ஆசாரியர்களிடமே இருந்தது. திருக்கோனேரி தாஸ்யை என்னும் பெண் எழுதிய திருவாய்மொழி வாசகமாலை இம்மரபில் அரிய விதிவிலக்கு ஆகும்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் பெண்கல்வி முன்னதாகவே தொடங்கியது. 1819 இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிசன் சங்கத்தின் மார்த்தா மால்ட், பெண்களுக்குக் கல்வியுடன் ரேந்தைப் பின்னலும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பின்னர் 'பைபிள் உமன்' எனப்பட்ட பெண்கள் வீடு வீடாகச் சென்று மறைநூலை விளக்கினர். எனினும் திருப்பணியாளர் பதவி ஆண்களுக்கே வழங்கப்பட்டது.

இதே மாவட்டத்தின் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான் (1944–2019), அவ்வூரைக் களமாகக் கொண்ட 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) என்னும் புதினத்தில், சமயத்தின் பெயரால் செலுத்தப்பட்ட அதிகாரத்தையும் பெண்களின் அடைபட்ட வாழ்வையும் சித்தரித்தார். அத்தகைய வாழ்வைப் பெண் நோக்கில் எழுதிய படைப்பு சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) ஆகும். மணமுறிவு உள்ளிட்ட வழக்குகளை ஆண்கள் மட்டுமே அமர்ந்து தீர்க்கும் ஜமாஅத்துகளுக்கு மாற்றாக, புதுக்கோட்டையைச் சேர்ந்த ஷரீபா கானம் 2000களின் தொடக்கத்தில் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார்.

மதுரை அரசரடியில் 1969 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், கவிஞரும் பெண்ணிய இறையியலாளருமான கேப்ரியேல் டீட்ரிச் 1970களிலிருந்து கற்பித்தார். அக்கல்லூரியின் ஆசிரியர் தியோபிலஸ் அப்பாவு நாட்டார் இசையை இறையியலுக்குரிய ஊடகமாகக் கையாண்டார். பாடலையும் கவிதையையும் இறையியலாக ஏற்கும் இத்தகைய போக்கு, பேச்சாளராகத் தகுதி பெறுவோர் யார் என்ற கேள்வியையும் விரிவாக்கியது.

அண்மைக்கால மாற்றங்கள்

ஒதுயோய் 1989 இல் கானாவின் அக்ராவில் ஆப்பிரிக்கப் பெண் இறையியலாளர் வட்டத்தைத் தொடங்கினார். ஆசியக் கத்தோலிக்கப் பெண் இறையியலாளர்கள் 2002 இல் பாங்காக்கில் தங்கள் முதல் மாநாட்டை நடத்தினர். 1947 இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 2013 இல் எக்கோனி புஷ்பலலிதாவை நந்தியால் பேராயராக நியமித்தது. அச்சபையின் முதல் பெண் பேராயர் இவரே. 2023 இல் வத்திக்கானில் நடந்த ஆயர் மன்றத்தில் முதன்முறையாகப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். வாக்களிக்கும் உறுப்பினர்களுள் 54 பேர் பெண்கள். வத்திக்கான் சங்கத்தில் பெண்கள் பேச்சுரிமையின்றி அமர்ந்து அப்போது 59 ஆண்டுகள் ஆகியிருந்தன.