ஒரு வடை, ஒரு காகம், 247 எழுத்துகள்

புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அரிச்சுவடியை ஒரே மூச்சில் சொல்வார்கள். கதைப்புத்தகத்தைக் கொடுத்தால் தடுமாறுவார்கள். என் மூத்த மகளும் அப்படித்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பரிசுகூட வாங்கினாள். ஆனால் ஊரிலிருந்து அம்மம்மா தொலைபேசி எடுத்தால் "நல்லா இருக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனைத் தாயிடம் நீட்டிவிடுவாள்.

இளைய மகனுக்கு வழியை மாற்றினோம். 247 எழுத்தில் தொடங்காமல் பாட்டி வடை சுட்ட கதையில் தொடங்கினோம். ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்தக்கூடிய அந்த முறையை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

ஏன் இந்தக் கதை?

பிள்ளைக்கு இது புதிய கதை அல்ல. ஈசாப் கதைகளில் காகத்தின் வாயில் இருப்பது சீஸ். பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொன்டேன் 1668இல் வெளியிட்ட நீதிக்கதைகளிலும் இதே காகமும் நரியும் வருகின்றன. கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால், பிள்ளையின் கவனம் முழுவதும் தமிழ்ச் சொற்களுக்குப் போகும்.

பாடசாலையில் கற்றதைப் பயன்படுத்துங்கள்

இங்கிலாந்துப் பாடசாலைகளில் வாசிப்பு ஃபொனிக்ஸ் முறையில்தான் தொடங்குகிறது. எழுத்தின் பெயரைவிட அதன் ஒலி முக்கியம். ஒலிகளைச் சேர்த்தால் சொல். 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சோதனையும் உண்டு. அதில் வரும் 40 சொற்களில் 20 பொருளே இல்லாதவை. மனப்பாடத்தால் அவற்றை வாசிக்க முடியாது. ஒலி கூட்டத் தெரிய வேண்டும்.

அந்தத் திறமை தமிழுக்கும் உதவும். நாங்கள்தான் "இக், இங், இச்" என்று பெயரைச் சொல்லிக் குழப்புகிறோம். "இக்" என்று படித்த பிள்ளை ஒலி கூட்டும்போது முன்னால் ஓர் "இ" வந்து நிற்கும். க், ம், ர் என்று ஒலியை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

247 என்ற எண்ணும் பயமுறுத்த வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மிச்சம் 216 உயிர்மெய். அகரத்துக்குக் குறி இல்லை. மற்ற 11 உயிர்களுக்கும் குறிகளைப் படித்தால் பெரும்பகுதி முடிந்தது. கு, சு, டு போல உருவம் மாறுகிற உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகளை மட்டும் தனியாகப் பழக்க வேண்டும்.

முதல் வாரம்: காது

எழுத்து வேண்டாம். தினமும் 15 நிமிடம் கதையைச் சொல்லுங்கள். நீங்கள் நரியாகவும் பிள்ளை காகமாகவும் நடியுங்கள். பிறகு சொற்களைக் கைதட்டிப் பிரியுங்கள்: பாட்-டி, கா-கம், ந-ரி. "பாட்டி" போலத் தொடங்கும் இன்னொரு சொல் கதையில் எது என்று கேளுங்கள். "பாட்டு" என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாம் வாரம்: எட்டு அட்டைகள்

மரம், நரி, வடை, வாய், வால், காகம், பாட்டி, பாட்டு. இந்த எட்டுச் சொற்களை அட்டையில் எழுதுங்கள். ஓர் ஒலியை மாற்றினால் சொல் மாறுவதைக் காட்டுங்கள். வாய், வால் ஆகிறது. நரி, சரி ஆகிறது; கரி ஆகிறது; வரியும் ஆகிறது.

"வடை"யில் சற்று நில்லுங்கள். ஐகாரக் குறி டகரத்துக்கு முன்னால் எழுதப்பட்டாலும் ஒலி பின்னால்தான் வரும். இடமிருந்து வலமாக ஆங்கிலம் வாசித்துப் பழகிய பிள்ளை இங்கேதான் தடக்கும். பிறகு மூட்டோ, டிகை, நமூ என்று பொருளில்லாத சொற்களை எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே வாசிப்பார்கள்.

மூன்றாம் வாரம்: ஓர் எழுத்து, இரண்டு ஒலி

"காகம்" என்பதில் முதல் ககரம் வலிது, இரண்டாவது மெலிது. "பாட்டி"யில் டகரம் வலிது, "வடை"யில் மெலிது. "தந்திரம்" என்பதில் முதல் தகரமும் ந்-க்குப் பின் வருவதும் ஒன்றல்ல. விதி எளிது: சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வலிது, இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவிலும் ங், ஞ், ண், ந், ம் போன்ற மெல்லினத்துக்குப் பின்னும் மெலிது. பஸ், டொக்டர் போன்ற இரவல் சொற்கள் இதற்கு அடங்கா. அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

மூன்று லகரங்களும் இந்தக் கதையிலேயே உண்டு: பாட்டி சுட்டாள், நரி காகத்தின் குரலைப் புகழ்ந்தது, வடை விழுந்தது. நாக்கு எங்கே படுகிறது என்று கண்ணாடி முன் நின்று இருவருமாகச் சொல்லிப் பாருங்கள்.

நான்காம் வாரம்: கதை பிள்ளையுடையது

இனி நீங்கள் கேட்பவர். ஆர், எங்கே, என்ன நடந்தது, பிறகு, முடிவு என்ற ஐந்து கேள்விகள் போதும். நடுவில் "ஃபொக்ஸ்" என்று சொன்னால் திருத்த வேண்டாம். "ஓம், அந்த நரி என்ன சொன்னது?" என்று கேளுங்கள், அடுத்த முறை "நரி" தானாக வரும். இலக்கணப் பிழைக்குக் கதையை நிறுத்தினால் அதோடு கதை முடிந்துவிடும். முடிவை மாற்றவும் இடம் கொடுங்கள்.

என் மகன் மாற்றினான். "பாட்டிக்கு ஆர் காசு குடுத்தது?" என்பதுதான் அவனுக்கு வந்த சந்தேகம். கணக்காளர் வீட்டுப் பிள்ளை! அவனுடைய கதையில் நரி வடைக்கு ஈடாகப் பாட்டியின் சட்டி பானையெல்லாம் கழுவியது. அதைத் தொலைபேசியில் அம்மம்மாவுக்குச் சொன்னான். அவ சிரித்துவிட்டு, "அப்ப முதல்ல களவெடுத்த காகத்துக்கு என்ன தண்டனை, ராசா?" என்று கேட்டா.

அவனிடம் பதில் இல்லை. "நாளைக்குச் சொல்றன் அம்மம்மா" என்றான். மறுநாள் பாடசாலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே, அம்மம்மாவுக்கு எடுத்துத் தரச்சொல்லி என்னிடம் வந்து நின்றான்.