ஏழையின் பாண்: ஒரு காரக் கீரையின் கதை

கீரை என்றால் நம்மவர்க்கு அது அடுப்பிலே வேக வேண்டிய பொருள். முளைக்கீரையைக் கடைவோம், முருங்கை இலையை வறுப்போம். பச்சையாக உண்ணும் இலை எது என்று எண்ணிப் பார்த்தால் வல்லாரைச் சம்பல்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆகவே, புலம்பெயர்ந்து பிரித்தானியாவிலே குடியேறிய நம்மவர் சிலர் அங்குள்ள கடைகளில் பைகளில் அடைத்து விற்கப்படும் பச்சிலைகளைக் கண்டு, இவை ஆடு தின்னும் குழையன்றி வேறென்ன என்று கேலி பேசியதில் வியப்பில்லை.

அவ்விலைகளுள் ஒன்றுக்கு மட்டும் அந்தக் கேலி பொருந்தாது. அதன் பெயர் வோட்டர்கிரெஸ். மென்றதும் முதலில் வெறும் பச்சைச் சுவையே தெரியும். ஓரிரு கணத்தின் பின் மிளகைக் கடித்தாற்போல ஒரு காரம் நாவின் அடியிலிருந்து எழுந்து மூக்கு வரை ஏறும். கடுகும் முள்ளங்கியும் கோவாவும் சேர்ந்த குடும்பத்திலே பிறந்த செடி அது. 'நஸ்டேர்ஷியம்' என்ற அதன் தாவரவியற் பெயருக்கு, 'மூக்கை முறுக்குவது' என்று இலத்தீனிற் பொருள் கூறுவர். நம் தோட்டங்களில் செம்மஞ்சட் பூப் பூக்கும் அலங்காரக் கொடியொன்றும் இதே பெயரால் வழங்குகிறது. இரண்டுக்கும் உறவில்லை. அதன் இலையும் இதுபோலக் காரமாய் இருந்தமையால் பெயர் அதன்மேலும் ஒட்டிக்கொண்டது.

இந்தக் காரம் இலையிலே ஆயத்தமாக இருப்பதன்று. இலையின் உயிரணுக்களுக்குள் கந்தகம் கலந்த ஒரு பொருளும், அதனைப் பிளக்கவல்ல ஒரு நொதியமும் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கின்றன. பூச்சி கடித்தாலோ மனிதன் மென்றாலோ இரண்டும் கலந்து, எரிக்கும் பொருள் உண்டாகிறது. பூச்சியை விரட்டவென்று செடி செய்துகொண்ட ஏற்பாட்டையே மனிதன் சுவையென்று விரும்பி உண்கிறான். கொதிக்க வைத்தால் நொதியம் அழிந்துவிடும், காரமும் அடங்கிவிடும்.

ஓடைகளிலே தானாக வளர்ந்த இக்கீரையைப் பறித்து உண்பது ஐரோப்பாவில் மிகப் பழைய வழக்கம். ஜேர்மனியின் எர்ஃபூர்ட் நகர்ப் பகுதியில் அது முன்னரே பயிரிடப்பட்டு வந்தது. இங்கிலாந்தில் அதனை வணிகப் பயிராக்கியவர் வில்லியம் பிராட்பெரி என்பவர். 1808ஆம் ஆண்டில் கென்ட் மாவட்டத்தில், கிரேவ்ஸென்ட் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்பிரிங்ஹெட் என்னும் இடத்தில் அவர் செய்கையைத் தொடங்கினார். பின்னர் ஹெர்ட்ஃபோர்ட்ஷயருக்கும் அதனை விரித்தார்.

தென் இங்கிலாந்தின் நிலத்தடியிலே சுண்ணக்கல் அடுக்குகள் பரந்து கிடக்கின்றன. அவற்றினூடே வடிந்து ஊற்றாகப் பொங்கும் நீர் கோடையிலும் மாரியிலும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலேயே இருக்கும். வெளியே பனி உறைந்தாலும் ஊற்று நீர் உறைவதில்லை. ஆகவே, வேறு பச்சிலை கிடைப்பதற்கரிய குளிர்காலத்திலும் இக்கீரை கிடைத்தது. ஆழமற்ற பாத்திகளை வெட்டி ஊற்று நீரை ஓடவிட்டால் போதும். இன்று தமிழர் பலர் வாழும் தென் இலண்டனின் ஊடாகப் பாயும் வொண்டில் ஆறும் இத்தகைய சுண்ணக்கல் ஊற்றாறுதான். கார்ஷோல்ட்டன், பெடிங்டன் பகுதிகளில் அதன் கரையோரம் 19ஆம் நூற்றாண்டில் வோட்டர்கிரெஸ் பாத்திகள் நிறைந்திருந்தன.

விளைந்த கீரையை உண்டவர் யார்? இலண்டனின் தொழிலாளர். காலையில் பாண் துண்டுகளுக்கிடையே வைத்து உண்டனர். பாண் வாங்கக் காசில்லாதவர் கீரைக் கட்டை அப்படியே கையிற் பிடித்துத் தின்றனர். 'ஏழையின் பாண்' என்ற பெயர் அவ்வாறு வந்தது.

அதனைத் தெருத்தெருவாகக் கூவி விற்றவர்களும் ஏழைகளே. அவர்களுள் ஒருத்தியைப் பற்றி எழுதுவதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

ஹென்றி மேஹியூ என்னும் பத்திரிகையாளர், 1841இல் 'பஞ்ச்' இதழைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1849இல் இலண்டனை வாந்திபேதி சூறையாடிய போது, நோய் பரவிய சேரிகளுக்கு நேரே சென்று எழுதினார். அதன் தொடர்ச்சியாக 'மோர்னிங் குரோனிக்கிள்' நாளிதழில் தொழிலாளரின் வாழ்க்கை பற்றி எழுதிய அவர், பின்னர் தெருவோர வியாபாரிகளைத் தேடிச் சென்று பேசினார். அவை 1851இல் 'இலண்டன் உழைப்பும் இலண்டன் ஏழைகளும்' என்ற நூலாக உருப்பெறத் தொடங்கின. ஏழைகளைப் பற்றி எழுதியவர் அவருக்கு முன்னரும் இருந்தனர். ஏழைகளின் வாய்மொழியை அவர்கள் பேசியவாறே அச்சேற்றியதுதான் மேஹியூவின் சிறப்பு.

அந்த நூலில் வரும் வோட்டர்கிரெஸ் விற்கும் சிறுமிக்கு வயது எட்டு. மெல்லிய பருத்திச் சட்டையும் நைந்த சால்வையும் அணிந்து, குளிரில் நடுங்கியபடி அவள் பேசுகிறாள். விடிவதற்கு முன்பே எழுந்து ஃபரிங்டன் சந்தைக்குச் சென்று கீரை வாங்குவாள். பின்னர் பென்னிக்கு நான்கு கட்டு என்று கூவி விற்பாள். நாளுக்கு மூன்று நான்கு பென்ஸ் மிஞ்சும். அதனைத் தாயிடம் கொடுத்துவிடுவாள். பேரம் பேசுவதில் தன்னை ஒருவரும் ஏமாற்ற முடியாது என்பதில் அவளுக்குப் பெருமை. வெள்ளி இரவும் சனிக்கிழமையும் யூதர் வீடொன்றுக்குச் சென்று, ஓய்வுநாளிலே அவர்கள் தொடாத விளக்கையும் அடுப்பையும் கவனித்துச் சிறு கூலி பெறுவாள்.

விளையாட்டுப் பற்றியும் பூங்காக்கள் பற்றியும் பேசி அவளை மகிழ்விக்கலாம் என்று மேஹியூ எண்ணினார். பூங்கா என்றால் என்னவென்றே அவள் அறிந்திருக்கவில்லை. மரமும் புல்லும் உள்ள பரந்த வெளி என்று விளக்கியபோது, தன்னைப் போன்றவர்களை உள்ளே விடுவார்களா என்று கேட்டாள். தெருவிலே தன்மீது இரக்கப்பட்டவர் ஒரேயொரு கனவான்தான் என்றாள். இத்தனை விடியலில் ஏன் வெளியே வந்தாய் என்று கேட்ட அவரும் ஒன்றும் வாங்காமல், ஒன்றும் கொடுக்காமல் போய்விட்டார். தான் இனிச் சிறுபிள்ளை அல்லள் என்பதே அவள் தன்னைப் பற்றி வைத்திருந்த முடிவு.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று என்னை உறுத்தும். அவள் விற்ற கட்டின் விலை பதிவாகியுள்ளது. அணிந்த சால்வையும் பதிவாகியுள்ளது. அவள் பெயர் பதிவாகவில்லை. பின்னாளில் என்ன ஆனாள் என்பதும் தெரியாது. செய்தியாளன் கேட்கத் தவறும் ஒரு கேள்வியை 170 ஆண்டுகள் கழிந்த பின் வேறெவரும் கேட்க முடியாது. ஆயினும், மேஹியூ அந்தக் குளிர்காலைகளில் தெருவிலே நின்று கேட்டிராவிட்டால் இந்த எட்டு வயதுக் குரலும் நமக்கு எட்டியிராது. கரோலின் ஸ்டீட்மன் என்னும் வரலாற்றாசிரியர் 1986இல் வெளியிட்ட தமது நூலில், தொழிலாளர் வர்க்கத்துப் பெண்பிள்ளைகளின் வாழ்வை ஆராய இச்சிறுமியையே துணைக்கழைத்தார்.

காலம் மாறியது. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும், பத்து வயது வரை பாடசாலை வரவைக் கட்டாயமாக்கிய 1880ஆம் ஆண்டின் சட்டமும் சிறுவரைச் சிறிது சிறிதாகத் தெருவிலிருந்து வகுப்பறைக்கு இழுத்தன. கீரையின் பயணமும் மாறியது. 1865இல் ஹாம்ப்ஷயரின் ஒல்ரஸ்ஃபோர்ட் வழியாகப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும், காலையிற் பறித்த கீரை வாடுமுன் இலண்டனைச் சேர்ந்தது. அப்பாதை 'வோட்டர்கிரெஸ் பாதை' என்றே பெயர் பெற்றது. 1973இல் மூடப்பட்ட அதன் ஒரு பகுதி, 1977இல் நீராவிப் புகையிரதம் ஓடும் மரபுரிமைப் பாதையாக மீண்டும் திறக்கப்பட்டது.

நல்ல நீரிலே வளர்ந்தால் நல்ல கீரை. கெட்ட நீரிலே வளர்ந்தால் அதுவே நஞ்சு. நகரம் பெருகி, கழிவுநீர் ஓடைகளிற் கலந்தபோது இக்கீரையின்மீது நெருப்புக் காய்ச்சலின் பழி விழுந்தது. மேய்ச்சல் நிலத்து ஓடைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆடுமாடுகளின் சாணத்திலிருந்து நத்தைக்கும், நத்தையிலிருந்து இலைக்கும் செல்லும் ஈரல் தட்டைப்புழு, இலையை உண்பவரின் ஈரலையும் சென்றடையும். எனவே, காட்டோடையில் வளர்ந்ததைப் பச்சையாக உண்ணலாகாது. நன்கு கழுவினாலும் இப்புழுவின் கூடு இலையை விட்டு நீங்கும் என்பதற்கு உறுதியில்லை. வேகவைப்பதே பாதுகாப்பு.

20ஆம் நூற்றாண்டில் பயிர் நோய்களும், பிற நாட்டுக் காய்கறிகளின் வரவும் சேர்ந்து இச்செய்கையைச் சுருக்கின. பின்னர் வேறொரு திசையிலிருந்து அதற்குப் புகழ் வந்தது. 2014இல் ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்விதழில் வெளியான கட்டுரையொன்று, 47 காய்கனிகளை ஊட்டச்சத்தின் அடிப்படையில் ஆராய்ந்து, வோட்டர்கிரெஸ்ஸுக்கு 100 புள்ளிகள் அளித்து முதலிடத்தில் வைத்தது. கலோரிக்கு எவ்வளவு சத்து என்பதே அங்கு கணக்கு. பெரும்பாலும் நீராலான இலைக்கு அந்தக் கணக்கு சாதகமானது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இன்று அது பெரிய உணவகங்களின் தட்டுகளில் அழகுக்கு வைக்கப்படும் இலை. அடுத்த முறை கடையிலே அந்தப் பையைக் காணும் வாசகர்கள் ஒரு கட்டு வாங்கி, வெண்ணெய் பூசிய பாணில் வைத்து உண்டு பார்க்கலாம். வல்லாரையைப் போல வெங்காயமும் தேங்காய்ப்பூவும் எலுமிச்சையும் சேர்த்துச் சம்பலாக்கினாலும் நன்றே. பச்சைமிளகாயை மட்டும் குறைத்துக்கொள்க. காரம் மூக்கில் ஏறும் அந்தக் கணத்தில், விரல் விறைக்கும் குளிரில் அதனைத் தெருத்தெருவாகச் சுமந்து விற்ற பெயரறியாத சிறுமியையும் நினைத்துக்கொள்வோம்.