மன்னார் முத்துச் சலாபமும் கணக்கும்

பொருள் வருமுன் அதன் அளவை மதிப்பிட்டு, ஆட்களையும் சந்தையையும் ஆயத்தஞ்செய்தல் இணையக் காலத்துக்கே உரிய கலையன்று. மன்னார்க் கடலின் முத்துச்சிப்பிப் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, ஆயிரஞ் சிப்பிக்குரிய முத்தின் மதிப்பைக் கணித்த பின்னரே அரசினர் சலாபத்தை அறிவித்தனர். அவ்வறிவிப்பின்வழியே குளிகாரரும் வணிகரும் மறிச்சுக்கட்டி மணல்வெளியிற் கூடினர். உணவும் நீரும் காவலும் ஏலமும் அமைந்தன.

1905இல் 8 கோடி சிப்பிகள் கிடைத்தன. அச்செழிப்பை நம்பி, 1906இல் ஆங்கிலக் கம்பெனியொன்று 20 ஆண்டுக் குத்தகை பெற்றது. 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின, கம்பெனியும் கலைந்தது.

பிழை மாதிரிக் கணக்கிலன்று; சில ஆண்டுகளின் விளைவை இருபதாண்டுக்கு நீட்டிய துணிவிலேயே உளது. இருப்பை எண்ணுதல் வேறு, வரவை உறுதிசெய்தல் வேறு. கணினி கொண்டு கணிப்போரும் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.